பக்கத்து இருக்கைக்குக் கீழே போன குழாய்

என் அன்பு மகள் தேவகிக்கு,

இங்கு நான் சௌக்கியம், அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமா என்று ஆரம்பித்து, வண்டிக்குப் புகைக்குழாய் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று முடிப்பதுதான் இத்தனை காலமும் என் வழக்கம். இந்தத் தடவையும் அப்படி எழுதினால் நீ என்னோடு பேச்சையே நிறுத்திவிடுவாய். நீ கேட்டது ஒரே கேள்வி. “அப்பா, பிரஞ்சுப் பிரஜையாவே இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டு எங்களோட வந்துடுறீங்களா, இல்லையா? கெடு முடியறதுக்குள்ள சொல்லிடுங்க” என்று கேட்டிருக்கிறாய். மழைக்காலம் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அது குழாய் வழியாகத்தான் வரும். என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

அந்த வண்டி நம்மிடம் வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். பிரஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய வருஷம். சர்க்கார் வண்டிக் கொட்டகையில் நான் மெக்கானிக்காக இருந்தேன். ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரர்கள் பியானோ, நாய், கண்ணாடி அலமாரி என்று ஆளுக்கு ஒன்றை யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போனார்கள். என் தலையில் கட்டப்பட்டது ஒரு நீதிபதியின் நீல நிற ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம், எஞ்சினில் நெடுக விரிசல். கடலில் தள்ளினாலும் தனக்குச் சம்மதம் என்று பிரஞ்சில் சொல்லிவிட்டு அவர் கப்பலேறினார். அம்மா போன பிறகு சிரிப்பையே மறந்திருந்த நம் முத்தியால்பேட்டை வீட்டுக்கு அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தேன். நீ கல்லூரிப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். “எஞ்சின் இல்லாம எப்படிடி ஓட்டுவ?” என்றேன். “வேற எஞ்சின் வச்சுக்கலாம்ப்பா” என்றாய். சட்டை மாற்றிக்கொள்வது போலச் சொன்னாய்.

சில வருஷம் அது தார்ப்பாய்க்குள் தூங்கியது. பிரான்ஸிலிருந்து எஞ்சின் வருமா என்று விசாரித்து ஓய்ந்து, கடைசியில் மெட்ராஸில் ஒரு டாக்ஸியிலிருந்து கழற்றிய எஞ்சினைக் காய்கறி லாரியில் போட்டுக் கொண்டுவந்தேன். அதைக் கப்பிச் சங்கிலியில் தொங்கவிட்டு நான் இறக்க, நீ கீழே நின்று இரும்புக் கம்பியால் அதை நகர்த்தி நகர்த்தி உட்காரவைத்தாய். உன் மாம்பழ நிறப் புடவை அன்றோடு வண்டி துடைக்கும் துணியானது. குழாய் எதுவும் மாட்டாமலே எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தோமே, அந்தச் சத்தத்துக்குத் தெருவே வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் மறுபடியும் கலகம் வந்துவிட்டது என்று கதவைச் சாத்தித் தாழ்போட்டார். நீ விடவில்லை. அப்படியே தெருமுனை வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினாய். நான் உன் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு, மெதுவாப் போடி, மெதுவாப் போடி என்று கத்திக்கொண்டிருந்தேன். உனக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் திட்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் வினை. மெட்ராஸ் வண்டிகளில் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருவார். அதனால் அந்த எஞ்சினுக்குப் புகை வெளிவரும் வாயை இடது பக்கம் வைத்திருந்தார்கள். நம் வண்டியோ பிரான்ஸில் செய்தது. ஓட்டுகிறவர் இடது பக்கம். எஞ்சினின் வாய் நேராக ஸ்டியரிங் தண்டின் மேல் வந்து நின்றது. அங்கே குழாயை இறக்கினால் வண்டி திரும்பாது. திரும்ப இடம்விட்டால் குழாய் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீயும் நானும் கம்பியை வளைத்து வளைத்துக் குழாய் போகும் வழியைப் பார்த்தோம். தரையெல்லாம் சாக்பீஸ் கோடு. வண்டிக்கு வெளியே பக்கவாட்டில் விட்டால் பார்க்க ஜோராக இருக்கும் என்றாய். ஏறி இறங்கும்போது புடவை குழாயில் பட்டுப் பற்றிக்கொள்ளும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். எஞ்சினை மறுபடி தூக்கி, இரண்டு விரல் அகலம் வலது பக்கம் தள்ளி உட்காரவைத்தால் ஸ்டியரிங்குக்கு உள்பக்கமாகக் குழாயை இறக்கி, வண்டியின் நடுவில் யார் காலுக்கும் கீழே வராமல் பின்னால் கொண்டுபோய்விடலாம் என்று நீ சொன்னாய். நீ சொன்னதுதான் சரி. எனக்குக் கோபம் வந்தது. உட்காரவைத்த எஞ்சினைத் தூக்குவதாவது என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

அந்தச் சண்டை தீருவதற்குள் உனக்கு வரன் வந்துவிட்டது. பிரஞ்சுப் பட்டாளத்தில் இருக்கும் பையன், லீவு முடிவதற்குள் கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு கப்பல். நல்ல பையன்தான். நீ வேண்டாம் என்று சொல்லிவிடமாட்டாயா என்று மனசுக்குள் ஒரு ஓரத்தில் காத்திருந்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். படகில் உன்னைக் கப்பலுக்கு ஏற்றிவிட்ட அன்று கரையில் நின்ற எல்லோரும் அழுதார்கள். நான் மட்டும் பக்கத்தில் நின்றவரிடம் கப்பலின் புகைக்கூண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் வண்டிக்கு அடியில் நீ வளைத்துப் போட்ட கம்பி அப்படியே கிடந்தது. அதை எடுத்துச் சுவரில் மாட்டினேன். பிறகுதான் அழுதேன்.

நீ போன பிறகு குழாய் வேலையை நான் ஒருவனாகச் செய்தேன். எஞ்சினை நகர்த்துவது என்றால் சங்கிலியை இழுக்க ஒரு ஆள், கீழே நின்று நகர்த்த ஒரு ஆள் வேண்டும். நம் வீட்டில் இரண்டாவது ஆள் இல்லை. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. பேச வந்த அக்கம்பக்கத்துக்காரர்களையே, வேலை இருக்கிறது என்று வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். அதனால் ஒரே ஆளாகச் செய்யக்கூடிய வழியைத் தேடினேன். எஞ்சினின் வாயிலிருந்து குழாயை முன்பக்கமாகக் கொண்டுபோய், எஞ்சினைச் சுற்றி வளைத்து வலது பக்கத்துக்கு மாற்றி, அங்கிருந்து நேராகப் பின்னால் விட்டால் யார் உதவியும் வேண்டாம். ஸ்டியரிங் தொல்லையும் இல்லை. சுற்றுவழி, அவ்வளவுதான். கம்பியில் வளைத்துப் பார்த்தபோது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

குழாயை வெறுமே வளைத்தால் மடிப்பு விழுந்து நசுங்கிவிடும் என்பது உனக்குத் தெரியும். உள்ளே மணலை இடித்து நிரப்பி, இரண்டு பக்கமும் மரக்கட்டை அடைத்து, கரி உலையில் சிவக்கக் காய்ச்சி வளைக்க வேண்டும். மணலில் ஈரம் இருந்தால் குழாய் வெடிக்கும். நம் ஊரில் கிடைப்பதோ கடற்கரை மணல். அதை வறுப்பதற்கு உன் இரும்புக் கடாயை எடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே, அதில் இனிமேல் யாரும் முறுக்கு சுட முடியாது. ஒவ்வொரு வளைவாக வளைத்து, ஒட்டுப்போட்டு, லாரி சைலன்ஸரை வெட்டிச் சிறிதாக்கிப் பின்னால் மாட்டினேன். வண்டி கிளம்பியபோது நல்ல கனத்த குரல். நீ ஆசைப்பட்ட மாதிரியே தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்கும். வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை என்பது இரண்டு மூன்று தடவை தெருமுனையில் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன், உபதேசம் என்று நினைத்தாலும் சரி. மாப்பிள்ளை கோபத்தில் சத்தம் போடுவதாக எழுதியிருந்தாய். போடட்டும். எஞ்சினின் புகை எங்கேயாவது வெளியே போகத்தான் வேண்டும். சத்தமே கேட்கக்கூடாது என்று ஒரேயடியாக அடைத்தால் வண்டி மூச்சுத் திணறி நின்றுவிடும். எதற்கெடுத்தாலும் எஞ்சினை இழுக்கிறேன் என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அவளும் நானும் சத்தம் போட்டுத்தான் வாழ்ந்தோம். அவள் போன பிறகு நான் சத்தம் போடுவதை நிறுத்தினேன். எல்லோரும் நான் பக்குவப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அது பக்குவம் இல்லை, தேவகி. பதில் சொல்ல ஆள் இல்லை.

சாயங்காலமானால் வண்டியைக் கடற்கரைச் சாலைக்கு ஓட்டிக்கொண்டு போவேன். கொஞ்ச நேரம் நிறுத்தி, வண்டியில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வருவேன். தெரிந்தவர்கள் கையசைப்பார்கள். நானும் கையசைப்பேன். யாரையும் ஏறிக்கொள்ளச் சொன்னதில்லை. பக்கத்து இருக்கையில் குடை. அதன் காலடியில் ரொட்டிப் பை. அந்த ரொட்டி வீடு வந்து சேரும் வரை கொதிக்கக் கொதிக்க இருக்கும். இந்த ஊரில் இவன் ஒருவன்தான் ரொட்டியை ஒழுங்காகச் சுடுகிறான் என்று நினைத்துக்கொள்வேன். உனக்குக்கூட எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பனின் புத்திசாலித்தனத்தை நீயே எடைபோட்டுக்கொள்.

போன மாதம் அஞ்சலை வந்தாள். வைத்திக்குப்பத்திலிருந்து நமக்கு மீன் கொண்டுவந்து, என்னைப் பிரஞ்சு மரியாதையில் ‘முசே’ என்று கூப்பிடுவாளே, அவள்தான். காலையில் மீனை அரிந்துகொண்டிருந்தவளைத் தேடி ஒரு ஆள் சைக்கிளில் வந்தான். வீராம்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த அவள் மகளுக்கு வலி எடுத்துவிட்டதாம், தலைப்பிரசவம், அம்மா அம்மா என்று கத்துகிறாளாம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. ரிக்‌ஷா ஒன்றும் கண்ணில் படவில்லை. அஞ்சலை கையைக் கழுவிக்கொண்டு நேராக வண்டியிடம் போய் நின்றாள்.

“முசே, வண்டிய எடுங்க. என் பொண்ணு கூப்புடுது.”

குடையை அவள் கையில் கொடுத்து, அந்த இருக்கையில் உட்காரச் சொன்னேன். மழைக்கு ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டாள். முதலியார்பேட்டை தாண்டும்போது காலை மாற்றி மாற்றி வைத்தாள். அரியாங்குப்பம் பாலத்தில் இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

“இன்னா முசே இது, கீழ அடுப்பு எரியுதா? காலு வெந்துபோச்சு!”

நான் நம்பவில்லை. ஓட்டிக்கொண்டே குனிந்து அந்தப் பக்கத் தகட்டைத் தொட்டேன். கையை உதறிக்கொண்டேன். நான் எப்போதும் வேலைச் சப்பாத்து போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன். இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்பதும் எனக்கு ஞாபகம் வரவில்லை, அந்த இருக்கையில் ஒரு மனிதர் உட்காருவார் என்பதும் ஞாபகம் வரவில்லை.

“கொழாயி அந்தப் பக்கமாப் போவுது அஞ்சலை. அதான்” என்றேன்.

“ஆளு உக்கார்ற எடத்துலயா கொழாய வுடுவாங்க?”

“யாரு உக்காரப் போறா? நான் ஒருத்தன்தானே.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த அவசரத்திலும், மகளின் கூச்சல் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்போதும், அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

“ஏன், தேவகிப் பாப்பா வந்தா அது எங்க உக்காரும்?”

வண்டி கடற்கரை மணலில் நிற்பதற்குள் அவள் இறங்கி, சூடுபட்ட காலோடு நொண்டிக்கொண்டே ஓடினாள். குடிசைக்குள்ளிருந்து ‘வந்துட்டேன்டி, வந்துட்டேன்’ என்று அவள் சொல்வது வெளியே எனக்குக் கேட்டது. மகளின் கூச்சல் சட்டென்று குறைந்தது. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, வலியும் தீரவில்லை. அம்மா வந்துவிட்டாள், அவ்வளவுதான். உனக்குப் பிள்ளை பிறந்தபோது தந்தியைப் படித்துவிட்டு நான் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டவன். அந்த மழையில் நின்றுகொண்டு, நான் உனக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அஞ்சலைக்குப் பேரன் பிறந்தான் என்று சேதி கேட்ட பிறகு வீட்டுக்குத் திரும்பினேன். வரும்போது சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு காலை அந்தப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச தூரம்கூடத் தாங்க முடியவில்லை. குழாய் வேலை நடக்கிறது, குழாய் வேலை நடக்கிறது என்று உனக்கு எழுதிக்கொண்டே, இனி என் பக்கத்தில் யாரும் உட்காரப் போவதில்லை என்று ஒரு வண்டியைக் கட்டி முடித்திருக்கிறேன். வேண்டும் என்று செய்திருந்தால்கூட மனசு ஆறும். யோசிக்காமலே செய்திருக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் அஞ்சலை மீன் கொண்டுவந்தபோது, அவள் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, அவள் புருஷனை ஒரு நாள் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். இதைக் கேட்பதற்குள் மீன் சட்டியை இரண்டு தடவை கழுவிவிட்டேன். அவளுக்கு அது ஒன்றுமே இல்லை. “கேட்டா வராம இருக்குமா? இத்தினி நாளா ஏன் கேக்கல?” என்று மீனை எடுத்துப் போட்டாள். அவள் புருஷன் காத்தவராயனும் மருமகனும் வந்தார்கள். என் சங்கிலி துருப்பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தங்கள் படகுக் கயிற்றையே மாட்டினார்கள். வலை இழுக்கிற கைகள். எஞ்சின் சிணுங்காமல் எழுந்தது. நான் கீழே நின்று, நீ நின்ற இடத்தில் நின்று, அதை இரண்டு விரல் வலது பக்கம் நகர்த்தினேன். சுவரிலிருந்து உன் கம்பியை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்கத் திருப்பியும் எங்கேயும் இடிக்கவில்லை. நீ அன்றே சரியாக வளைத்திருந்தாய். அந்தக் கம்பியின் வளைவிலேயே புதுக் குழாயைச் செய்தேன். ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்தில் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தட்டையாக்கினேன். இப்போது அது வண்டியின் நடுவில் போகிறது. வேலை முடிந்து மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். நம் வீட்டு டம்ளர்கள் வெளியே வந்து எவ்வளவு நாள் ஆகியிருந்தது! ஒன்றில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நான் வரமாட்டேன், தேவகி. எழுதிக் கொடுக்கப் போவதில்லை. இந்த மண், அந்த மண் என்றெல்லாம் எனக்குப் பெரிய பேச்சு தெரியாது. நீ காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லப் போய்விடுவாய், மாப்பிள்ளை பட்டாளத்துக்குப் போய்விடுவார், அந்தக் குளிரில் மூடிய ஜன்னலுக்குப் பின்னால் நீங்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இங்கே இருக்கும் தனிமை எனக்குப் பழகிவிட்டது. அங்கே இருக்கப்போவது எப்படிப்பட்டது என்று தெரியவில்லை. அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. என்னைப் பார்த்து நீ ஒவ்வொரு நாளும் மனசு சங்கடப்படுவதும் எனக்கு வேண்டாம்.

ஆனால் இதுவரை எழுதாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நான் சௌக்கியம் என்று எழுதியதெல்லாம் பாதிதான். நான் ரொம்பத் தனியாக இருக்கிறேன். சில நாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடுகிறது. உன்னைப் பார்க்க வேண்டும். ஒரு லீவுக்காவது வா. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. வண்டியில் இரண்டு பேர்தான் உட்காரலாம் என்பதால் மாப்பிள்ளை ரிக்‌ஷாவில் பின்னால் வரட்டும், கோபித்துக்கொண்டு சத்தம் போட்டாலும் பரவாயில்லை. அங்கேயும் உன் அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள். ஒரு கை வேண்டியிருந்தால் கேள். கேட்காமல் சுற்றுவழியில் போகிற புத்தி என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கக்கூடாது.

நேற்று மழை விட்டதும் வண்டியைக் கிளப்பி வாசலில் நிறுத்திவிட்டு, சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தேன். அன்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதே இடம். உன் பிள்ளை உட்காருகிற மாதிரி மடியில் ரொட்டிப் பையை வைத்துக்கொண்டேன். எஞ்சின் வெகுநேரம் ஓடியது. வெறுங்காலைத் தகட்டில் அழுத்தி வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. ரொட்டியும் ஆறிப்போயிருந்தது. ஓட்டுகிறவர் இடத்தில்தான் யாரும் இல்லை. வந்து ஓட்டு. இந்தத் தடவை மெதுவாகப் போ என்று சொல்லமாட்டேன்.

உன் வரவை எதிர்பார்த்து,
அப்பா